குடம் யார் கையில்?

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் இலவசமாகக் கிடைத்திராவிட்டால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன். 2006-ல் நான் சேர்ந்த சென்னைப் பயிற்சி நிலையத்தில் மாயாவும் மேக்ஸும்தான் சொல்லித்தந்தார்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் பழகிப் பார்க்க ஒன்றும் இல்லை. உரிமத்தின் விலை அப்பாவின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பிளெண்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதை உருவாக்கிய டோன் ரோசன்டாலின் நிறுவனம் 2002-ல் மூடப்பட்டபோது, 1,00,000 யூரோ கட்டினால் மூல நிரலைத் திறந்துவிடச் சம்மதம் என்றார்கள் முதலீட்டாளர்கள். உலகெங்கும் இருந்த பயனாளர்கள் கைக்காசு போட்டு 7 வாரத்தில் அந்தத் தொகையைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 13 முதல் அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. முகம் தெரியாத அந்த மனிதர்களின் காசில்தான் நான் ரிக்கிங், அதாவது பாத்திரங்களுக்குள் எலும்பு வைக்கும் வேலை, கற்றேன்.

2006-லேயே, பிளெண்டரைக் கொண்டு எடுத்த 'எலிஃபன்ட்ஸ் ட்ரீம்' என்ற குறும்படமும் வந்தது. படத்தோடு நிற்காமல், அதைச் செய்யப் பயன்பட்ட கோப்புகளையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். நண்பன் ஒருவன் தன் அலுவலக இணைப்பில் இறக்கி டிவிடியில் எழுதித் தந்தான். படம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. கோப்புகளை மட்டும் மாதக்கணக்கில் குடைந்துகொண்டிருந்தேன். அதில் வரும் கிழவர் புரூக்கின் ரிக்கைத் திறந்தால் திரை நிறைய எலும்புகள். சும்மா இருக்கும் எலும்பு சாம்பல் நிறம். கன்ஸ்ட்ரெயின்ட் (இன்னொன்றோடு பிணைக்கும் கட்டளை) போட்டது பச்சை. ஐகே (அதைப் பற்றிப் பின்னால்) போட்டது மஞ்சள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் சற்றுத் தள்ளி வேறொன்று திரும்பும். ஏன் திரும்புகிறது என்று பச்சையும் மஞ்சளுமாகத் தேடிக்கொண்டு போனதுதான் எனக்குப் பாடம்.

ரிக்கர் என்பவன் பாத்திரத்தை வரைபவனுமல்ல, நடிக்கவைப்பவனுமல்ல. சிற்பி மாதிரி ஒருவர் மாடல் செய்து தருவார். அதற்குள் எலும்பு வைத்து, வெளியே பிடித்து இழுக்கக் கண்ட்ரோல்கள் வைத்து, அனிமேட்டரிடம் கொடுப்பது எங்கள் வேலை. கண்ட்ரோலுக்கும் எலும்புக்கும், எலும்புக்கும் பொருளுக்கும் நடுவே இருப்பவை கன்ஸ்ட்ரெயின்டுகள். 'இவன் போகும் இடத்துக்கு நீயும் போ' என்பது ஒன்று. 'இவன் திரும்பும் அளவுக்கு நீயும் திரும்பு' என்பது இன்னொன்று. 'எங்கே இருந்தாலும் இவனைப் பார்த்துக்கொண்டே இரு' என்பது கண்ணுக்குப் போடுவது. 'இந்த எல்லையைத் தாண்டாதே' என்பது முழங்கைக்கும் கதவுக்கும். மாயாவில் ஒரு பெயர், பிளெண்டரில் ஒரு பெயர், சாரம் ஒன்றே. சொல்பவருக்கு டார்கெட் என்று பெயர். கேட்பவர் எவ்வளவு கேட்கிறார் என்பதற்கு ஓர் எண். 0 என்றால் காதிலேயே வாங்குவதில்லை. 1 என்றால் முழுக்கக் கீழ்ப்படிதல்.

கணினித் திரையில் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் தன் ஆய்வுக்காகச் செய்த 'ஸ்கெட்ச்பேட்' நிரலிலேயே அது இருந்தது. ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடலாம். இந்த இரண்டு கோடும் இணையாக இருக்க வேண்டும், அந்த இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். நிபந்தனைகள் எல்லாம் கூடுமானவரை நிறைவேறும்படி கணினி புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வரும். அங்கே முதலாளியும் இல்லை, வேலையாளும் இல்லை. எல்லாக் கோடுகளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துக்கொள்ளும். நாங்கள் ரிக்கில் போடும் கன்ஸ்ட்ரெயின்ட் பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. அது ஒருவழிப் பாதை. டார்கெட் நகர்ந்தால் மற்றது பின்னால் போகும். மற்றது நகர்ந்தால் டார்கெட் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த ஒரு வேறுபாட்டின் முழு அர்த்தமும் எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் விளங்கியது.

முதலில் சேர்ந்த ஸ்டூடியோவில் எனக்குக் கிடைத்தவை கால்கள். காலை இரண்டு விதமாக ஆட்டலாம். இடுப்பைத் திருப்பி, தொடையைத் திருப்பி, முழங்காலை மடக்கி, பாதத்துக்கு வருவது ஒரு முறை. பாதத்தை ஓரிடத்தில் ஊன்றிவிட்டு, முழங்கால் எப்படி மடங்க வேண்டும் என்பதைக் கணினியையே கணக்குப் போடச் சொல்வது இன்னொரு முறை, அதுதான் ஐகே. நடக்கும் காட்சியில் இரண்டாவது இல்லாமல் முடியாது. உடம்பு முன்னே போகும்போது ஊன்றிய பாதம் தரையிலேயே நிற்க வேண்டுமே. இடுப்புக்கு அடங்கிய பாதம் தரையில் வழுக்கிக்கொண்டு வரும். பார்க்கிறவர் காரணம் தெரியாமலே 'ஏதோ பொம்மை மாதிரி இருக்கு' என்பார்.

ஐகே-க்குள் இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்த கொசைன் சூத்திரம்தான். தொடை ஒரு பக்கம், கெண்டைக்கால் ஒரு பக்கம், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை உள்ள தூரம் மூன்றாவது பக்கம். மூன்றும் தெரிந்தால் முழங்கால் கோணம் வந்துவிடும். தொடையும் கெண்டைக்காலும் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூரம் 60 செ.மீ. இருக்கும்போது முழங்கால் 97 பாகை. ஒரு செ.மீ. குறைத்து 59 ஆக்கினால் 95 பாகை. மாற்றம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 80 செ.மீ. தூரத்தில் கால் நேராக, 180 பாகையில் நிற்கிறது. அங்கே அதே ஒரு செ.மீ. குறைத்தால் முழங்கால் 162 பாகைக்கு வந்துவிடும். ஒரே ஃப்ரேமில் 18 பாகை! திரையில் முழங்கால் வெடுக்கென்று உதறும். அனிமேட்டர்கள் அதைப் 'பாப்' என்பார்கள். ரிவ்யூ அறையில் அந்தச் சொல் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கால் முழுதாக நீளும் தறுவாயில் எலும்பையே இம்மி அளவு நீளவிட்டு அந்த உதறலை விழுங்கவைப்பது வழக்கமான வைத்தியம். இரண்டு கால் எலும்பும் ஓர் அரை செ.மீ. நீண்டதை எந்தப் பார்வையாளரும் கண்டுபிடித்ததில்லை.

அந்த வைத்தியத்தை நான் போட்டுக் காட்டியபோது பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தவர் எங்கள் மூத்த அனிமேட்டர்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். காகிதத்தில் பென்சிலால் வரைந்த காலத்து ஆள். மாயாவின் பட்டன்கள் பாதிக்கு மேல் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மெனக்கெட மாட்டார். எந்த ஷாட் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அதைச் சொல்லுங்க முதல்ல." அவர் கேட்டது நடிப்பைப் பற்றி. என் காதில் அது ரிக்கிங் கேள்வியாகவே விழுந்தது.

பிறகு குடம் வந்தது. குடிநீர் பற்றிய ஒரு விழிப்புணர்வுப் படம். லாரியில் தண்ணீர் பிடித்த பெண் நிறைகுடத்தைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து போக வேண்டும். 5 விநாடி ஷாட், விநாடிக்கு 24 வீதம் 120 ஃப்ரேம். கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. "வாங்க தம்பி, தண்ணி லாரி எங்கயாவது நிக்குதான்னு பாப்போம்" என்று அண்ணன் என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். இரண்டு தெரு தள்ளி ஒரு லாரி நின்றது. பச்சையும் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் காத்திருந்தன. நாங்கள் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றோம்.

"கை குடத்தைத் தூக்குதா, குடம் கையைத் தூக்குதா, பாத்துச் சொல்லுங்க" என்றார்.

வயது நாற்பதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா குனிந்தார். வலக்கை குடத்தின் கழுத்தைப் பிடித்தது. இடக்கை அடியில் போனது. 15 லிட்டர் குடம், அதாவது 15 கிலோ. ஒரே மூச்சில் அதை இடுப்புக்குக் கொண்டுபோகவில்லை அவர். இடது முழங்காலை லேசாக மடக்கி, தொடைமேல் குடத்தை ஒரு கணம் உட்காரவைத்தார். அங்கிருந்து ஓர் உந்து. குடம் எழும்பும்போதே இடுப்பு வெளியே வளைந்து அதை வாங்கிக்கொண்டது. இடக்கை சுற்றிவந்து குடத்தின் கழுத்தை அணைத்தது. வலக்கை ஓய்வாகி முந்தானையைச் சரிசெய்தது. நடக்கத் தொடங்கியதும் அணைத்த கை குடத்தோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

பிடிபட்டுவிட்டது. தரையில் இருக்கும்வரை குடம் யாருக்கும் அடங்கியதல்ல. எழும்பும்போது கைகளுக்கு அடங்கியது. தொடையில் உட்காரும்போது தொடைக்கு. இடுப்புக்குப் போனபின் இடுப்புக்கு. அதன்பின் கைதான் குடத்துக்கு அடங்கியது! தொடக்கத்தில் கை சொல்லக் குடம் கேட்டது; முடிவில் குடம் சொல்லக் கை கேட்கிறது. 5 விநாடிக்குள் அதிகாரம் தலைகீழாகிவிட்டது.

இதை மாயாவில் உள்ளபடியே செய்யப் போனால் முட்டுச்சந்து. குடம் கையைப் பின்தொடர ஒரு கன்ஸ்ட்ரெயின்ட், கை குடத்தைப் பின்தொடர ஒரு கன்ஸ்ட்ரெயின்ட். ஒன்று வேலை செய்யும்போது மற்றதன் எண்ணை 0 ஆக்கிவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. எண் 0 ஆனாலும் இணைப்பு இணைப்புத்தான். குடம் எங்கே என்று கேட்டால், கை எங்கே என்று முதலில் தெரிய வேண்டும் என்கிறது. கை எங்கே என்று கேட்டால், குடம் எங்கே என்று தெரிய வேண்டும் என்கிறது. 'சைக்கிள்' என்று திரையின் அடியில் எச்சரிக்கை வரும். அதன்பிறகு அந்த ரிக்கை நம்ப முடியாது. இன்று சரியாக இருக்கும் குடம், ரெண்டரில் ஒரு ஃப்ரேம் பின்தங்கி வரும். பிளெண்டரும் இதே புகாரைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறது. நிஜத்தில் கையும் குடமும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று பிடித்திருக்கலாம். ரிக்கில் யாராவது ஒருவர் முந்திக்கொண்டாக வேண்டும்.

வழி, மூன்றாவது ஆளைக் கொண்டுவருவது. கண்ணுக்குத் தெரியாத ஒரு லொக்கேட்டர். அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தோம். மேஸ்திரி தரையையோ தொடையையோ இடுப்பையோ பின்தொடரலாம். கைகள் தம் பாட்டில் இருக்கலாம், அல்லது மேஸ்திரியைப் பின்தொடரலாம். குடமும் அப்படியே. ஆனால் மேஸ்திரி எக்காலத்திலும் கையையோ குடத்தையோ பின்தொடரக் கூடாது. தூக்கும் ஃப்ரேம்களில் அனிமேட்டர் நகர்த்துவது மேஸ்திரியைத்தான். கைகளும் குடமும் சேர்ந்து வரும். கை தூக்குவது போலத் தெரியும். உண்மையில் இரண்டும் தூக்கப்படுகின்றன. வெறுங்குடத்தை ஒரு கையில் தொங்கவிட்டு நடக்கும் ஷாட்டும் பின்னால் இருந்ததால், குடத்துக்கு மட்டும் 'வலக்கை' என்று கூடுதலாக ஒரு டார்கெட் கொடுத்தேன். கை ஒருபோதும் குடத்தை நேரடியாகப் பின்தொடர்வதில்லை என்பதால் வட்டம் உருவாகாது.

அடுத்தது, டார்கெட் மாறும் இடம். ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் பின்பக்கம் நடந்து போகிறார். பஸ்ஸை வைத்துப் பார்த்தால் பின்னால் போகிறார். தெருவை வைத்துப் பார்த்தால் முன்னால்தான் போகிறார். எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதை மாற்றினால் அவர் இடத்தைச் சொல்லும் எண்கள் அத்தனையும் மாறிவிடும், அவர் நின்ற இடம் மாறாமலே. குடத்தைக் கொண்டுபோகும் மேஸ்திரிக்கும் அதே கதைதான். தரையை வைத்து எழுதிய எண்களோடு அதை இடுப்புக்கு மாற்றினால், பழைய எண்களை இடுப்பிலிருந்து அளந்துகொண்டு எங்கோ எகிறிவிடும். அதனால் மாற்றும் தருணத்தில் ஒரு சிறு நிரல் ஓட வேண்டும். மேஸ்திரி உலகத்தில் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வது, சுவிட்சை மாற்றுவது, அதே இடத்தில் இருக்க இடுப்பிலிருந்து என்ன எண் வேண்டும் என்று கணக்கிட்டுத் திரும்ப எழுதுவது, இரு பக்கமும் கீ வைப்பது. பிளெண்டரின் சைல்ட் ஆஃப் கன்ஸ்ட்ரெயின்டில் 'செட் இன்வெர்ஸ்' என்று ஒரு பட்டன் இருப்பது, போட்ட நொடியில் பொருள் எகிறாமலிருக்கத்தான். சுவிட்ச் எண் 0-விலிருந்து 1-க்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டும். மெல்ல ஏறவிட்டால், குடம் தொடைக்கும் இடுப்புக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாமல் மிதக்கும்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தோம். எகிறவில்லை, வழுக்கவில்லை, எச்சரிக்கை இல்லை. ஆனால் அந்தப் பெண் தூக்கியது காற்றுக் குடம். அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "பஞ்சு வச்சிருக்கா போல" என்றார்.

குறை ரிக்கில் இல்லை. கன்ஸ்ட்ரெயின்டின் சுபாவத்தில் இருந்தது. இடுப்பு போனால் குடம் போகும். ஆனால் குடத்தின் 15 கிலோ இடுப்புக்குத் திரும்பி வராது. கட்டளை ஒரு திசையில் போகிறது. கனத்துக்குத் திரும்பிவர வழியே இல்லை. திரையில் ஒரு குடத்தைக் கட்டியிருந்தாலும் ஒரு லாரியைக் கட்டியிருந்தாலும் அந்த இடுப்புக்கு ஒன்றுதான்.

அந்தக் கனத்தை அண்ணன் தன் கையால் ஏற்றினார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். குடம் தொடையில் உட்காரும் ஃப்ரேமுக்கு அடுத்த இரண்டு ஃப்ரேமில் இடுப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினார்; குதிகாலும் தரையில் அழுந்தியது. உந்துவதற்கு முன்னால் உடம்பு முழுவதையும் ஒருமுறை தாழ்த்தினார். இடுப்புக்குப் போனதும், குடம் இருக்கும் பக்கத்துக்கு எதிராக முதுகுத்தண்டைச் சாய்த்தார். எதிர்ப்பக்கத்துத் தோள் இறங்கி, ஓய்வாக இருந்த கை உடம்பை விட்டுச் சற்று விலகியது. நடையில் குடம் இருக்கும் பக்கத்துக் கால் ஊன்றும்போதெல்லாம் கூடுதலாக ஒரு ஃப்ரேம் தங்கவைத்தார். குடத்தை அவர் தொடவே இல்லை. ஓட்டினார். 15 கிலோ வந்துவிட்டது.

"இப்ப அந்தக் கையை எடுத்து நெத்தி வேர்வையைத் துடைக்கணும் தம்பி. தலை அசைஞ்சாலும் கை நெத்தியிலேயே இருக்கணும்" என்றார் அதே மூச்சில். வலக்கைக்கு 'தலை' என்று இன்னொரு டார்கெட் வேண்டும். தலை கழுத்தையும், கழுத்து மார்பையும், மார்பு இடுப்பையும் பின்தொடர்கின்றன. எதுவும் கையிடம் திரும்புவதில்லை. சேர்த்துக் கொடுத்தேன். ஸ்டோரிபோர்டில் இல்லாத அந்த வேர்வை துடைக்கும் கை படத்தில் நின்றது.

இன்று விசைகளை இருதிசையிலும் கணக்கிடும் இயற்பியல் நிரல்கள் பெரும்பாலான அனிமேஷன் மென்பொருள்களில் இருக்கின்றன. சேலைக்கும் கூந்தலுக்கும் தண்ணீருக்கும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறோம். நடிப்பு என்று வரும்போது ஆட்கள் கீ ஃப்ரேமுக்கே திரும்பி வருகிறார்கள். 'குடத்தை ரெண்டு ஃப்ரேம் முன்னாடி ஏத்துங்க' என்று இயக்குநர் சொன்னால், புவியீர்ப்பிடம் போய் யார் கேட்பது?

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, 'எந்தக் கன்ஸ்ட்ரெயின்ட் போடணும்ணா?' என்றுதான். கணினியைத் திறக்கவிடாமல் ஒரு தாளைக் கொடுக்கிறேன். ஷாட்டில் இருக்கும் கை, கால், பொருள் எல்லாவற்றையும் எழுதி, எது எதைப் பின்தொடர்கிறது என்று அம்புக்குறி போடச் சொல்கிறேன். அம்புகள் வட்டமாக மூடிக்கொண்டால் ஒரு மேஸ்திரியைத் தேட வேண்டும். மூடாவிட்டால் எந்த அம்பு எந்த ஃப்ரேமில் மாறுகிறது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். அதையும் குறித்தபின், கனம் எந்த அம்புக்கு எதிர்த்திசையில் வர வேண்டும் என்று சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு எந்த மெனுவிலும் கன்ஸ்ட்ரெயின்ட் கிடையாது. தாளை அப்படியே அனிமேட்டரின் மேசையில் வைத்துவிடச் சொல்வேன்; அது அவர் வேலை.